கையால் செய்யும் நகை, பத்தில் ஒரு பங்கு தருமம்: கூலியை எடுப்பதற்கு முன்பா, பிறகா?

சுடுமண்தோடு (பண்ருட்டிப் பக்கம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடமாக வீட்டிலிருந்தே சுடுமண் நகை செய்கிறேன். ஜிமிக்கி, தோடு, ஆரம், நவராத்திரி நேரத்தில் பொம்மைக்குப் போடுகிற குட்டி நகைகள். இங்கே நிறைய பேர் கைவினைக்காரர்கள் என்பதால் மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் ஒரு ஜோடி ஜிமிக்கி 120 ரூபாய்க்கு விற்ற அன்று அம்மா அதிலிருந்து பத்து ரூபாயை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். "உன் கை ஓடணும்னா இன்னொருத்தர் கைக்கும் கொஞ்சம் போகணும்" என்றார். அன்றிலிருந்து விற்கிற விலையில் பத்தில் ஒரு பங்கை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அது போகும். மாதம் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் சேரும். நகையோடு வைக்கிற சின்ன அட்டையில்கூட "இதில் பத்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு" என்று அச்சடித்திருக்கிறேன்.

போன மாதம் பி.காம். படித்த என் தங்கை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு ஜோடி பெரிய ஜிமிக்கி 180 ரூபாய். மண், உமி, வறட்டி 10. பெயிண்ட், வார்னிஷ் 12. கொக்கி, முத்து 18. பெட்டி, அட்டை 13. சூளையில் உடைவதற்கு 12. உதவிக்கு வரும் அக்காக்களுக்கு 10. ஆக 75 செலவு, மிச்சம் 105. ஒரு ஜோடிக்கு என் கை வேலை மட்டும் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது. அந்த 105ல் 18 பாட்டிலுக்குப் போகிறது. இதுவரை சரி.

இப்போது சென்னையில் ஒரு கடை என் நகையை வாங்கி வைக்கிறேன் என்கிறது. 35 சதவீதம் அவர்களுக்கு, விலையை ஏற்றவும் கூடாது. 63 ரூபாய் போனால் 42. அதில் 18 எடுத்தால் 24. ஒன்றேகால் மணி நேரத்துக்கு 24 ரூபாய். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி செய்தாலும் 120 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் 2025-26ல் அறிவித்த கூலியே 336 ரூபாய். தங்கை அதைச் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இதோடு இன்னொன்று. ஒரு அமைப்பு நிதி திரட்டும் விழா நடத்துகிறதாம், வருகிறவர்களுக்குக் கொடுக்க 50 ஜோடி இலவசமாக வேண்டும் என்று கேட்டார்கள். "நல்ல காரியம்தானே, உங்களுக்கும் விளம்பரம்" என்றார்கள். மறுத்தால் மனசு உறுத்துகிறது. கொடுத்தால் பத்து நாள் உழைப்பு போகிறது.

நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? பத்தில் ஒரு பங்கை விற்பனையிலிருந்து எடுப்பதா, கூலி எடுத்த பிறகு எடுப்பதா? அம்மா தொடங்கிவைத்ததை நிறுத்த எனக்கு மனசில்லை.

பட்டுநூல் (காஞ்சிபுரம்) எழுதியது:

அக்கா, தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். இதைச் சொல்ல நான் யோசிக்கவே மாட்டேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன்.

நான் பட்டுநூல் சுற்றிய வளையலும் தோடும் செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு விழாவுக்கு 200 வளையல் கேட்டார்கள். தீபாவளி ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து சுற்றினேன். இழை இழையாக இடைவெளி தெரியாமல் சுற்ற வேண்டும், பசை கொஞ்சம் அதிகமானால் நூலின் பளபளப்பே போய்விடும். ஒரு வளையலுக்கு இருபது நிமிடமாவது ஆகும். கொண்டுபோய்க் கொடுத்தேன். எவ்வளவுக்குப் போனது, பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை. விழாப் படங்களில் பந்தல் போட்டவரின் பெயர் இருந்தது, சாப்பாட்டுக்காரர் பெயர் இருந்தது. அவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்துத்தான் அழைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கேட்டது என்னிடம் மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்து பெண்கள் செய்கிற வேலை என்றால் அது பொழுதுபோக்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த 50 ஜோடியைக் கொடுக்காதீர்கள். அடக்க விலைக்குத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உண்மையான அக்கறை இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

சூளைக்காரன் (வில்லியனூர்) எழுதியது:

காஞ்சிபுரத்துத் தங்கச்சி சொல்வது அந்த விழா விஷயத்தில் நூறு சதவீதம் சரி. ஆனால் "தனக்கு மிஞ்சித்தான்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் நம்மைப் போன்றவர்கள் வாழ்நாளில் ஒரு பைசா கொடுக்க மாட்டோம். நமக்கு எப்போது மிஞ்சியிருக்கிறது?

நான் மண்பாண்டக் குடும்பம். எங்கள் ஊர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, குதிரையும் ஐயனார் சிலையும் எங்கள் பிழைப்பு. கார்த்திகை வந்தால் தாத்தா அகல் கூடையோடு தெருவில் இறங்குவார். ஆதரவில்லாத பாட்டிகள் வீட்டு வாசலில் ஐந்து விளக்கை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் நடந்துவிடுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மத்தியானம் கூழ்தான். அதனால் மிஞ்சுகிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பதுதான் நமக்குப் பொருந்தும். கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள்.

சுடுமண்தோடு அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கணக்கில் "உதவிக்கு வரும் அக்காக்களுக்கு 10" என்று ஒரு வரி இருக்கிறதே, அது எந்த வருடத்துக் கூலி? இங்கே எங்கள் பக்கம் நகை செய்ய வந்த நிறைய பேர் மணி உருட்டுகிற வேலையை எங்கள் தெருப் பெண்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். மண்ணைப் பிசைவதும், துணியில் வடிப்பதும், மணியை உருட்டி ஈர்க்கால் துளை போடுவதும் அவர்கள். அட்டையில் பெயர் வருவது நகைக்காரர் பெயர். இல்லத்துக் குழந்தைக்குப் போகிற பணம் நல்ல பணம்தான், ஆனால் அது யார் கையிலிருந்து போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

சுடுமண்தோடு எழுதியது:

அண்ணா, கோபம் எதுவும் இல்லை. நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். இரண்டு அக்காக்கள் வருகிறார்கள். நூறு மணி உருட்டினால் 40 ரூபாய். அது 2022ல் வைத்த கூலி. கொக்கி விலை ஏறியபோது ஜிமிக்கி விலையை ஏற்றினேன், பெட்டி விலை ஏறியபோதும் ஏற்றினேன். அவர்கள் கேட்கவில்லை, நானும் ஏற்றவில்லை. நூறு மணி உருட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும், நானே நேரம் வைத்துப் பார்த்தேன். எனக்கு 24 ரூபாய் என்று இங்கே வந்து புலம்பினேன். அவர்களுக்கு மணிக்கு 27 ரூபாய்கூட வரவில்லை என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை.

இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட முடியாது.

ஐந்தொகை (திருச்சி) எழுதியது:

கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அட்டையில் "பத்தில் ஒரு பங்கு" என்று போட்டால் எதில் பத்தில் ஒரு பங்கு என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். விற்பனையிலா, லாபத்திலா? ஒரே சொல், ஆனால் உங்கள் கணக்குப்படி ஒன்று 18 ரூபாய், இன்னொன்று உங்கள் கூலியையும் செலவாகக் கழித்துவிட்டால் அதில் பாதிகூட வராது. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு "இந்த ஜோடியிலிருந்து இத்தனை ரூபாய்" என்று எழுதுங்கள். உங்களுக்கும் எண்ணுவது எளிது, யாரும் கேள்வி கேட்கவும் முடியாது.

இரண்டாவது, உங்கள் கூலியைச் செலவில் எழுதுங்கள். வீட்டிலிருந்து செய்கிறவர்கள் யாருமே இதை எழுதுவதில்லை. பொருள் செலவு போக மிச்சமெல்லாம் லாபம் என்று நினைக்கிறீர்கள், அது லாபம் இல்லை, உங்கள் நாள் கூலி. சென்னைக் கடை விஷயத்துக்கும் இதுவே பதில். கூலியை எழுதிவிட்டுப் பார்த்தால் 35 சதவீதத்தில் அந்த விலைக்கு உங்களால் கொடுக்க முடியாது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்: 80ஜி என்று சொல்கிற, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் அனுமதி உள்ள அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, வங்கி வழியாகப் போக வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. யாராவது "நகையாகக் கொடுங்கள், வரிச்சலுகை உண்டு" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வேப்பங்குச்சி (விழுப்புரம்) எழுதியது:

நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வாங்குகிற பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது.

தீபாவளிக்கு எங்களிடம் இனிப்பு வைக்க இடமிருக்காது. பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று குடும்பம் வந்து மூன்று கேக் வெட்டியிருக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒருவரும் வருவதில்லை. செருப்பு, உள்ளாடை, நாப்கின், நோட்டு, கண்ணாடிக்கு ஃபிரேம், பல் டாக்டர் செலவு, இவைதான் எங்கள் தேவை. மாதாமாதம் வருகிற ஐந்நூறு ரூபாய் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பத்தாயிரத்தைவிடச் சில சமயம் பெரிய உதவி, ஏனென்றால் அதை நம்பி ஒரு டியூஷன் ஆசிரியரைப் போடலாம்.

அதனால் சுடுமண்தோடு அக்கா, நீங்கள் பாட்டிலில் போட்டுக் கொடுக்கிற பணம் பெரிய விஷயம். குறைந்தாலும் பரவாயில்லை, தேதி தவறாமல் வந்தால் போதும்.

நகை விஷயமும் சொல்கிறேன். எங்கள் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி காதில் வேப்பங்குச்சி சொருகியிருந்தாள். துளை தூர்ந்துவிடாமல் இருக்க அவளுடைய பாட்டி சொருகிவிட்டது. அந்தக் குச்சியை நான் எடுக்கப் போனபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தோடு வாங்கித் தர எங்கள் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பும் இல்லை. சோப்புக்குத் தலைப்பு உண்டு, தோட்டுக்குக் கிடையாது. பிறகு என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். எனவே நகை தேவையில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் விற்காமல் தங்கிப்போன பெரிய ஜிமிக்கியைப் பையில் கட்டிக் கொண்டுவருகிறார்கள், அது வேண்டாம். கனம் தாங்காமல் சின்னக் காது அறுந்துபோகும். மலிவான கொக்கியில் நிக்கல் இருந்தால் இரண்டே நாளில் காது சிவந்து நீர் வடியும். பட்டாணி அளவுத் தோடு, சர்ஜிக்கல் ஸ்டீல் அல்லது வெள்ளித் தண்டு, அவ்வளவு போதும்.

இன்னொன்று, படம். கொடுக்கும்போது குழந்தையோடு படம் எடுத்துத் தங்கள் இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015ன் 74வது பிரிவுப்படி இந்தக் குழந்தைகளின் அடையாளம் வெளியில் தெரியும்படி பேரையோ படத்தையோ ஊடகத்தில் போடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், நாளைக்கு அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போது "இலவசத் தோடு வாங்கியவள்" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? படம் இல்லாமல் கொடுக்க வருகிறவர்களைத்தான் நாங்கள் உள்ளே கூப்பிட்டு டீ கொடுக்கிறோம். அப்புறம், புது இடத்துக்குக் கொடுக்கப் போகிறவர்கள் அந்த இல்லம் அதே சட்டத்தின் 41வது பிரிவில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல இல்லம் சான்றிதழை எடுத்துக் காட்டும்.

கோவைக்காரி எழுதியது:

நான் வாங்குகிறவள் மட்டும்தான், செய்யத் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படித்ததிலிருந்து என் அலமாரியில் இருக்கிற சுடுமண் ஆரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்பக்கம் ஒரு மணியில் விரல்ரேகை பதிந்து அப்படியே சுட்டிருக்கிறது. அது யாருடைய விரல் என்று இதுவரை யோசித்ததில்லை.

அட்டையைப் பார்த்துத்தான் வாங்குகிறேனா என்று கேட்டால், இல்லை. அழகாக இருப்பதால் வாங்குகிறேன். ஆனால் அட்டையில் குழந்தைகளுக்கு என்று எழுதியிருந்தால் பேரம் பேச வாய் வராது, அது உண்மை. இப்போது தோன்றுவது, "இதில் மணி உருட்டியவருக்கு இத்தனை ரூபாய்" என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தால் நான் இருபது ரூபாய் அதிகமாகவே கொடுப்பேன்.

வடசேரி எழுதியது:

நாகர்கோவில் வடசேரி. எங்களுடையது கோவில் நகை, பரதநாட்டியத்துக்குப் போடுகிற நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம். வெள்ளியில் அடித்து, கெம்புக் கல் பதித்து, தங்க ரேக்கு என்கிற மெல்லிய தகடு ஒட்டுகிற அசல் வேலை செய்கிற வீடுகள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எங்கள் நகைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஒரு முழு செட் நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாது.

நான் கொடுப்பது கிடையாது, இரவல் விடுகிறேன். பழுதாகித் திரும்பி வந்த பழைய செட்டுகளில் கல் மாற்றி, மெருகு போட்டு இரண்டு செட் தனியாக வைத்திருக்கிறேன். அரங்கேற்றத்துக்கு நகை வாங்க முடியாத பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் ஒரு வாரத்துக்கு எடுத்துப் போகலாம். காசு இல்லை. ஒரே நிபந்தனை, வியர்வையைத் துடைத்துப் பஞ்சில் சுற்றித் திருப்பித் தர வேண்டும். இதுவரை ஒரு ராக்கொடியில் ஒரே ஒரு கல் விழுந்தது, அந்தப் பெண் அதைத் தேடி எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள்.

எனக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கைக்கூலி மட்டும்தான் போகிறது, அதுவும் ஆடி மாதம் வேலை குறைந்திருக்கும்போது. எல்லாத் தருமமும் விற்பனைப் பணத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சும்மா கிடக்கிற காலம், சும்மா கிடக்கிற பொருள், இவற்றிலிருந்தும் எடுக்கலாம்.

பட்டுநூல் எழுதியது:

வடசேரி அண்ணா, இது அருமை. மணப்பெண் செட்டுக்கு நானும் இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. பட்டுநூல் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது, எண்ணெய்க் கறை பிடித்துவிடும், ஆனால் கறை பிடித்ததைப் பிரித்துவிட்டு அதே வளையலில் புது நூல் சுற்றலாம்.

சுடுமண்தோடு அக்கா, நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. எனக்கு அந்த 200 வளையல் இன்னும் ஆறவில்லை. நீங்கள் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை.

சுடுமண்தோடு எழுதியது:

ஐயோ, அப்படியெல்லாம் இல்லை தங்கச்சி. நீ சொன்னதை வைத்துத்தான் அந்த அமைப்புக்கு எழுதினேன். 50 ஜோடிக்கு அடக்க விலையும் அக்காக்களின் கூலியும் சேர்த்துக் கொடுங்கள், என் கூலியை நான் விட்டுத்தருகிறேன் என்றேன். பதில் வரவில்லை. சரி.

ஒன்றைச் சொல்ல வேண்டும், இரண்டு நாளாக அதுதான் மனதில் ஓடுகிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கம் புயலைவிடத் தண்ணீர்தான் அடித்தது. சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை மீறி வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு. பொங்கல் ஆர்டருக்காக நானூறு உருப்படிக்கு மேல் நிழலில் காயவைத்திருந்தேன். மழையால் பத்து நாளாகச் சூளை போட முடியவில்லை, ஒன்றும் சுடவில்லை. சுட்ட மண்ணாக இருந்தால் தண்ணீரில் கிடந்தாலும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். பச்சை மண் அப்படி இல்லை. தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் பலகை மேல் ஒரு ஜிமிக்கி இல்லை. ஒரு விரல் கனத்துக்கு வழவழவென்று சேறு, அதற்குள் ஈர்க்குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன. மணிக்குள் துளைக்காகச் சொருகியிருந்த குச்சிகள் அவை.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு மத்தியானம் மணி உருட்டுகிற இரண்டு அக்காக்களில் மூத்தவர் வந்தார். அவர் வீட்டுச் சுவரே ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் சேலையைச் செருகிக்கொண்டு சேற்றை வாளியில் அள்ள ஆரம்பித்தார். மூன்று நாள் வந்தார். எங்கள் மண் தனியாக, வெள்ளத்துச் சேறு தனியாகப் பிரித்து, நல்ல மண்ணை மறுபடியும் கரைத்து, துணியில் வடித்து, சாக்கின் மேல் பரப்பிக் காயவைத்துக் கொடுத்தார். ஜனவரியில் நான் செய்த நகையெல்லாம் அந்த மண்ணில்தான். கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. "இதுக்கெல்லாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நூறு மணிக்கு 40 ரூபாய்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த டிசம்பரிலும் பாட்டில் பணத்தை இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அட்டையிலும் போட்டேன். எனக்கு மூன்று நாள் உழைப்பைத் தந்தவருக்கு எந்த அட்டையும் இல்லை.

சூளைக்காரன் எழுதியது:

அம்மா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் சும்மா இருந்தேன். எங்கள் ஊரிலும் அந்தப் புயலில் தண்ணீர்தான். காய்ந்துகொண்டிருந்த ஐயனார் குதிரை ஒன்று, ஆளுயரம், கால்கள் கரைந்து முன்பக்கம் குப்புற விழுந்துவிட்டது.

நான் கேள்வி கேட்டது உங்களைக் குற்றவாளி ஆக்க இல்லை. என் வீட்டிலும் இதே கதைதான். விறகு விலை ஏறினால் அன்றே தெரியும், ஆள் விலை ஏறவில்லை என்பது யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

ஐந்தொகை எழுதியது:

உதவிக்கு வருகிறவர்கள் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் பெயரிலேயே கைவினைக் கலைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 35 வயது முடிந்த கைவினைக்காரர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது, 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் ஒரு உதவிதான். படிவம் நிரப்பத் தெரியாததால் மட்டுமே எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் தங்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் இங்கே கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன்.

சுடுமண்தோடு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

என்ன முடிவு செய்தேன் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நூறு மணிக்கு 65 ரூபாய் ஆக்கிவிட்டேன். ஜோடி ஜிமிக்கிக்கு அக்காக்களின் பங்கு 10லிருந்து 16. விலையை 200 ஆக்கினேன், பயந்துகொண்டேதான். வழக்கமாக வாங்குகிற இரண்டு பேர் ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டார்கள், கூலி ஏற்றியிருக்கிறேன் என்றேன், இருவரும் வாங்கினார்கள். மூன்றாவது ஒருவர் வாங்கவில்லை. செலவு 81 போக 119 நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு கிடையாது, ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய், அம்மா முடிந்து வைத்த அதே பத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் மாதம் ஐந்தாம் தேதி வங்கி வழியாகப் போகும். முன்பைவிடத் தொகை குறைவுதான். இல்லத்தில் இதைச் சொன்னபோது "தேதி சொன்னீர்களே, அதுவே போதும்" என்றார்கள். அட்டையில் பழைய வரியை எடுத்துவிட்டு மணி உருட்டியவர்கள் இரண்டு பேரின் பெயரையும் போட்டிருக்கிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான். இளையவர் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

சென்னைக் கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரக் கூலியை வாங்கிய மூத்த அக்கா இரண்டு தடவை எண்ணினார். "கூட வந்திருக்கே, மாத்திக் குடுத்துட்டியா?" என்று நீட்டினார். இல்லை அக்கா, இனிமேல் இதுதான் என்றேன். சரி என்று இடுப்பில் செருகிக்கொண்டு, மண் கொஞ்சம் இறுகிப்போயிருக்கிறது, தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடிவை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இல்லத்துக்கு நகையாக ஒன்றும் கொண்டுபோகவில்லை. மண்ணைக் கொண்டுபோனேன். இரண்டாவது சனிக்கிழமை பதினாறு பிள்ளைகள், தரையில் பழைய பேனர் விரித்து உட்கார்ந்தார்கள். பட்டாணித் தோடு செய்யச் சொன்னேன், ஆளுக்கு ஒரு ஜோடி. ஒரு பையன் தோடு வேண்டாம் என்று லாரி செய்தான். எல்லாவற்றையும் ஐந்து நாள் நிழலில் காயவைத்துச் சுட்டேன், ஆனால் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது, சூளைக்குள் டப் டப் என்று வெடித்தது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. லாரியும் போச்சு.

வேப்பங்குச்சி, நீங்கள் சொன்ன சர்ஜிக்கல் ஸ்டீல் தண்டு வாங்கியிருக்கிறேன். சூளைக்கார அண்ணா, பிள்ளைகள் செய்கிற உருப்படி கனமாக இருக்கிறது, உள்ளே ஈரம் நின்றுவிடுகிறது, எத்தனை நாள் காயவைக்கலாம்?

சூளைக்காரன் எழுதியது:

ஐந்து நாள் போதாது. லாரி மாதிரி கனமான உருப்படி என்றால் பத்து நாளாவது. அடியில் ஈர்க்கால் இரண்டு மூன்று துளை போட்டு உள்ளே வெற்றிடம் விடச் சொல்லுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சூளையில் முதல் இரண்டு மணி நேரம் வெறும் உமிப் புகை மட்டும், வறட்டியை அதற்கப்புறம் அடுக்குங்கள். மறுநாள் காலை வரை திறக்கவே கூடாது.

அந்தப் பையனிடம் இன்னொரு லாரி செய்யச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தனியாகச் சுட்டுப் பிறகு மூங்கில் குச்சியில் கோத்தால் ஓடும்.